இத்தா முடியட்டும்

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து இரண்டாம் கிழமைதான் உம்மாவின் ரிப்போர்ட் வந்தது. மார்பில் இருந்த கட்டியில் ஊசி குத்தி எடுத்த பரிசோதனை. உம்மா நஜ்முன் நிஸா இத்தாவில் வெளியே போகாமல் இருந்ததால், மகள் ரிப்காதான் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"வழமைக்கு மாறான கலங்கள், செல்ஸ், கொஞ்சம் தெரியுது," என்றார் டொக்டர் பிரசாந்தினி. "அதுக்காகப் புற்றுநோய் எண்டு அர்த்தமில்லை. இல்லையெண்டும் அர்த்தமில்லை. வீக்கத்திலயும் கலங்கள் இப்பிடி மாறும், நோய் தொடங்கேக்கையும் மாறும். கட்டியில ஒரு துண்டு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அம்மாவைச் சுணங்காமல் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மனுஷ மனம் பொல்லாதது. இரண்டு பாதியையும் காதால் கேட்ட ரிப்கா, பஸ்ஸில் ஏறும்போது ஒரு பாதியைத்தான் வைத்திருந்தாள். புற்றுநோய் என்று சொல்லவில்லைதானே, சொல்லவில்லைதானே என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் உம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இத்தா முடியட்டும் மகள்," என்றார்.

இத்தா என்றால் புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுகமில்லாதவள் மருந்துக்குப் போகலாமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு மௌலவி ஸெய்னுதீன் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார். ஆனால் கேட்காமலே எல்லாம் தெரிந்தவர்களாயிற்றே! "வாப்பாட கடமைய முடிக்காமப் படலையத் தாண்டுறதா?" என்று சாச்சி சுஹைரா கண்ணை உருட்டினாள். ரிப்கா இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொள்வது அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இத்தா முடிந்ததும் போனார்கள். துண்டு வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஈரல் வரை பரவிவிட்டது. முதலே பரவியிருந்ததா, இந்த மாதங்களில் பரவியதா என்று சொல்ல ஏலாது என்றார் டொக்டர். ரிப்காவின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார். அந்த இரக்கம் ரிப்காவை நித்திரை கொள்ள விடவில்லை.

நோயாளியைப் பார்க்க வந்த மௌலவி, விறாந்தைக் கதிரையில் இருந்து கதையைக் கேட்டுத் திகைத்துப் போனார்.

"மருந்துக்குப் போறத்த மார்க்கம் தடுக்கல்லயே மகள். என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவர் போனதும் ரிப்கா அறைக்குள் ஓடி உம்மாவின் காலடியில் இருந்தாள். "போயிருக்கலாமாம் உம்மா. நான் கேக்காம இருந்துட்டன். நான்தான் உங்களக் கொன்டுட்டன்."

உம்மா மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எனக்குத் தெரியும் மகள்."

"என்ன தெரியும்?"

"போகலாமெண்டு. என்ட வாப்பாவும் பள்ளியில ஓதிக் குடுத்த லெப்பதானே. எனக்குத் தெரியாம இருக்குமா?"

ரிப்கா மெல்லக் கேட்டாள். "அப்ப ஏன் உம்மா?"

"நீ வாப்பா உடுத்த சேட்டக் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கிடந்த. ஒரு வாய் சோறு இறங்கல்ல உனக்கு. துண்டு வெட்டிப் பாத்து, இருக்கு எண்டு சொல்லிட்டா? ஒரு மௌத்துக்கு அழுது முடிக்கட்டும், பொறகு பாப்பம் எண்டு நெனச்சன்."

ரிப்காவுக்குக் கோபம் பொங்கியது. கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவும் செய்தாள்.

"நான் இன்னும் அழுது முடிக்கல்லயே உம்மா!"