திரும்ப எடுக்க முடியாத முப்பத்தெட்டு ஓட்டைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. என் வீட்டுக்குக் கரையான் மருந்து அடிக்க வந்தவர், டிரில்லை அணைத்துவிட்டு டீ குடித்த பத்து நிமிஷத்தில் சொன்னது. முன்பு ஒரு வீட்டில் வேலை பார்த்தாராம். பல மாதம் கழித்து அந்த வீட்டு அம்மா போன் செய்து, "தம்பி, நீங்க போட்ட ஓட்டையெல்லாம் திரும்ப எடுத்துக்க முடியுமா?" என்று கேட்டாராம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. "வீடு விக்கறாங்க சார்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. மிச்சமெல்லாம் என் கைவரிசை.

2

முதல் வரிக்கே மூச்சு வாங்கியது.

"அந்த வீட்டின் அஸ்திவாரத்தில் ஒரு ரகசியம் ஊர்ந்து..." (சே, பேய்க்கதை மாதிரி இருக்கிறது.)

"கரையான்கள் உறங்குவதில்லை, அவை..." (எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தேனா?)

நேராகவே சொல்கிறேன். போன் செய்த அந்த அம்மா, டெய்லர் அக்கா, வீட்டை விற்றாக வேண்டும். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். கணவருக்கு முழங்கால் போய்விட்டது. படுக்கையறையும் குளியலறையும் மாடியில். தினமும் காலையில் பதினாறு படிகளையும் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்குகிறார். கீழே வந்ததும் என்னமோ கோட்டையைப் பிடித்துவிட்டவர் போலச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். லிஃப்ட் உள்ள ஃபிளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இந்த வீடு நல்ல விலைக்குப் போனால்தான் அது கைக்கு எட்டும்.

(கணவரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். மனுஷன் வாயே திறக்க மாட்டேன் என்கிறார். ஆனால் அவர் இல்லாவிட்டால் அக்கா வீட்டை ஏன் விற்க வேண்டும்? இருக்கட்டும், சோபாவில்.)

3

போன வருஷம் கதவு நிலையில் மண் கோடாகக் கரையான் ஏறியது. மருந்துக்காரர் வந்தார். சுவரின் அடியில் அடிக்கு ஓர் ஓட்டை சாய்வாகப் போட்டு, மருந்தை உள்ளே இறக்கி, ஒவ்வொன்றையும் வெள்ளை சிமென்ட்டால் அடைத்தார். ஐந்து வருஷம் கியாரண்டி என்று முத்திரை குத்திய தாளும் கொடுத்தார். கரையான் போன இடம் தெரியவில்லை. சுவர் ஓரமாக முப்பத்தெட்டு வெள்ளைப் பொட்டுகள் மட்டும் மிஞ்சின.

வீட்டை விற்கலாம் என்று முடிவானதும் அக்காவின் கண் அந்தப் பொட்டுகள் மேல் விழுந்தது.

"பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? கரையான் வந்த வீடுன்னு காட்டிக் குடுத்துடுமே!"

"மருந்து அடிச்ச வீடுன்னும் காட்டுமில்ல?" என்றார் கணவர். (பாருங்கள், பேசிவிட்டார்.)

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க."

அப்புறம்தான் அந்த போன். மருந்துக்காரர் கையை விரித்ததும் அக்கா ஓய்ந்துவிடவில்லை. ஒரே வாரத்தில் சுவரின் அடியில் சுற்றிலும் டைல்ஸ் பட்டை ஒட்டி, நிலைக்குப் பெயின்ட் அடித்து, பொட்டுகள் இருந்த தடமே இல்லாமல் ஆக்கிவிட்டார். கியாரண்டித் தாள் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் போனது.

4

வாங்க வந்தவர் ஒரு டீச்சர். விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு ஒவ்வொரு கதவையும் விரலால் தட்டிப் பார்த்தார்.

"கரையான் மருந்து அடிச்சிருக்கீங்களா?"

"ஐயோ, இந்த வீட்லயா? கரையான் எட்டிக்கூடப் பார்த்ததில்ல டீச்சர். மருந்துக்கு வேலையே வரல!"

டீச்சரின் முகம் சுருங்கியது. "ரெண்டு பக்கத்து வீட்லயும் அடிச்சிருக்காங்க. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். நடுவுல உங்க வீட்டுக்கு மட்டும் அடிக்கலன்னா, அங்க துரத்தினதெல்லாம் எங்க வரும்? நான்தான் மருந்து அடிக்கணும், நிலை மாத்தணும். அதையெல்லாம் கழிச்சுட்டுத்தாங்க விலை சொல்ல முடியும்."

அவர் சொன்ன விலைக்கு லிஃப்ட் உள்ள ஃபிளாட் வராது. லிஃப்டின் பட்டன் வேண்டுமானால் வரும்.

விலையைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரே தாளை அக்காவே ஒளித்து வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினால் இப்போது சொன்னது பச்சைப் பொய் என்றாகிவிடும். காட்டாவிட்டால் ஃபிளாட் போச்சு.

5

இங்கே வந்து கதை படுத்துவிட்டது. நானும் நாலு நாள் மேசைப் பக்கம் போகவில்லை.

முடிவு அ: அக்கா வாயைத் திறக்கவில்லை. வீடு குறைந்த விலைக்குப் போகிறது. கணவர் வேறொரு மாடிப்படியில்... (வேண்டாம். எனக்கே தாங்கவில்லை.)

முடிவு ஆ: ஒரு டைல்ஸ் தானாகக் கழன்று விழுகிறது. (தானாகவாம்! எழுதிய எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

சரி, அக்காவின் போக்கிலேயே விட்டுவிட்டேன். அவர் தையல் மெஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். பிறகு பீரோவிலிருந்து தாளை எடுத்து வந்து, மறுபடி அங்கேயே உட்கார்ந்தபடி நீட்டினார்.

"பொய் சொல்லிட்டேன் டீச்சர். போன வருஷம் கரையான் வந்துச்சு. மருந்து அடிச்சோம். வெக்கப்பட்டுக்கிட்டு நான்தான் மறைச்சேன். இன்னும் நாலு வருஷம் கியாரண்டி இருக்கு, பாருங்க."

டீச்சர் தாளை வாங்கவில்லை. "வேற என்னெல்லாம் மறைச்சிருக்கீங்க?"

(இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் நியாயமான கேள்வி.)

அக்கா தாளை நீட்டியபடியே சொல்லிக்கொண்டு போனார்.

"மாடி பாத்ரூம் குழாய் சொட்டும். சமையலறை ஜன்னல ஓங்கித் தள்ளினாத்தான் சாத்தும். பக்கத்து வீட்டுக்காரர் காலையில பாடுவார், சகிக்காது. அப்புறம்... இவரால படி ஏற முடியல டீச்சர். அதுக்காகத்தான் விக்கறேன். இல்லன்னா இந்த வீட்ட யாருக்கும் குடுத்திருக்க மாட்டேன்."

சோபாவில் கணவர் தலை குனிந்துகொண்டார்.

6

டீச்சரின் பதிலாக மூன்று வரிகள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். "கேட்ட விலையே தர்றேங்க" என்று எழுதினால் நான் அக்காவுக்குச் சொந்தக்காரன் என்பீர்கள். "வேற வீடு பாத்துக்கறேன்" என்று எழுதக் கை வரவில்லை. உண்மையைச் சொன்னால், நான் எப்போதோ அக்கா பக்கம் சாய்ந்துவிட்டேன். அப்படிப்பட்டவன் விலை சொல்லக் கூடாது.

ஆகவே டீச்சர் நிற்கிற இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். வீட்டைப் பார்த்துவிட்டீர்கள். பொய்யையும் கேட்டாயிற்று, அதன் பின்னால் வந்த உண்மையையும் கேட்டாயிற்று. அக்கா நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. விலையைச் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். சோபாவில் இருப்பவர் எல்லாமே தன் முழங்கால் செய்த குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.