சம்பந்திகளும் பத்தாவது இடமும்

மகளுக்கு வரன் பார்த்தபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தது கொஞ்சம். மாப்பிள்ளையின் அப்பாவோடு இங்கிலாந்து கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டதுதான் அதிகம்.

அந்த அப்பா நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு குடும்பமும் கடைக்காரர் வீட்டு முன்னறையில் முதன்முதலாகச் சந்தித்த அன்று, பேச்சு வெயிலையும் போக்குவரத்தையும் சுற்றிச் சுற்றி வந்து அலுத்துப்போயிருந்தது. தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்து வைத்த ஒரு டெஸ்ட் ஆட்டம். இங்கிலாந்து பந்து வீசிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆண்டர்சனைவிடப் பெரிய பௌலர் அந்த நாட்டுல பிறக்கல" என்றார்.

சர்வேயர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ பார்ன்ஸ்?"

"எந்த பார்ன்ஸ்?"

"சிட்னி பார்ன்ஸ். முதல் உலகப் போருக்கு முன்னாடி ஆடினவர். இருபத்தேழு டெஸ்ட்ல நூத்தியெண்பத்தொன்பது விக்கெட்."

"அவர் பந்து போட்டதை நீங்க பார்த்தீங்களா?"

"பூமி உருண்டையா இருக்கறதை நீங்க பார்த்தீங்களா?"

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. வெயிலும் போக்குவரத்தும் போன இடம் தெரியவில்லை. கடைக்காரருக்குக் கண்தான் சாட்சி. ஆட்டத்தைப் பார்த்தால் நெஞ்சு ஒரு நொடி நிற்க வேண்டும், அவன்தான் பெரிய ஆட்டக்காரன். சர்வேயருக்கு எண்தான் எல்லாம். கண் ஏமாற்றும், சங்கிலியும் அளவுகோலும் ஏமாற்றாது என்பார். இங்கிலாந்தின் தலைசிறந்த பத்து ஆட்டக்காரர்களைப் பட்டியல் போட்டார்கள். ஹாப்ஸ், ஹேமண்ட், ஹட்டன், ட்ரூமன், போத்தம் என்று ஒன்பது பேர்வரை ஒருவழியாக ஒத்துப்போனார்கள். பத்தாவது இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. கடைக்காரர் இடக்கை ஆட்டக்காரர் கோவரைச் சொன்னார். சர்வேயர் சட்கிளிஃபைச் சொன்னார்.

"சட்கிளிஃப் சராசரி அறுபதுக்கு மேல. உங்க கோவர் நாற்பத்தி நாலு. இதுல பேச என்ன இருக்கு?"

"கோவர் ஒரு பந்தை ஆஃப் பக்கம் தட்டிவிடறதை ஒரு தடவை பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

கடைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இவங்க ரெண்டு பேரையும் விட்டா வந்த காரியத்தையே மறந்துடுவாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கடைக்காரர் மாப்பிள்ளைப் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தம்பி. போத்தமா, ஸ்டோக்ஸா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்து, "ரெண்டு பேருமே அவங்கவங்க காலத்துல நல்ல ஆட்டக்காரங்கதான்" என்றான்.

நிதானமான பையன் என்று கடைக்காரருக்குத் தோன்றியது. கல்யாணம் நடந்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சம்பந்திகள் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வது வழக்கமானது. பிள்ளைகள் நலமா என்று ஒரு வார்த்தை, உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை. மூன்றாவது வார்த்தைக்குள் இங்கிலாந்து வந்துவிடும். காது சூடாகும்வரை பேசிவிட்டு, ஒருவரை ஒருவர் திருத்த முடியாத ஜென்மம் என்று சொல்லிக்கொண்டு இருவரும் சந்தோஷமாக ஃபோனை வைப்பார்கள்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மகள் இரண்டு பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அடி உதை எதுவும் இல்லை, குடி இல்லை, வேறு பெண் இல்லை என்று அவளே வரிசையாகச் சொல்லிவிட்டாள். "அங்க நான் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். திரும்பப் போக மாட்டேன்" என்றாள். அம்மா சொல்லிப் பார்த்தாள். மாமியார் வந்து பேசிப் பார்த்தாள். மாப்பிள்ளையிடம் கேட்டதற்கு, "அவளுக்கு எது சரின்னு படுதோ அது" என்று சொன்னானாம். அதைக் கேட்ட அன்றே அவள் வக்கீலைப் பார்க்கப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் மணி அடித்தது. கடைக்காரர் எடுத்தார்.

"சம்பந்தி..." என்றார் சர்வேயர்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. வச்சுடறேன்."

அதோடு ஞாயிறுகள் காலியாகிப்போயின.

அடுத்து இருவரும் பார்த்துக்கொண்டது குடும்ப நீதிமன்றத்தின் வராந்தாவில்தான். நீளமான மரப் பெஞ்சு. ஒரு கோடியில் கடைக்காரர், மறு கோடியில் சர்வேயர். மகளும் மருமகனும் வக்கீல்களோடு உள்ளே இருந்தார்கள். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. கடைக்காரர் செய்தித்தாளை விரித்தார். இங்கிலாந்து ஆடும் டெஸ்ட்டின் செய்தி அதில் பெரிய எழுத்தில் இருந்தது. சர்வேயர் எட்டிப் பார்த்து, யாரிடமோ சொல்வதுபோல, "பிட்ச்சுல பந்து நல்லா சுழலுது, இங்கிலாந்துகிட்ட ஸ்பின்னரே இல்ல. லேக்கர் மாதிரி ஒருத்தன் இருந்தா இந்நேரம் ஆட்டம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

பேசக் கூடாது என்றுதான் கடைக்காரர் நினைத்தார். ஆனால் தப்பான கருத்து காதில் விழுந்தபிறகு எப்படி விடுவது? "லேக்கரா? கொஞ்சம் ஈரம் இருந்தா அண்டர்வுட் பக்கத்துல ஒருத்தன் நிக்க முடியுமா?"

"ஒரே டெஸ்ட்ல பத்தொன்பது விக்கெட் எடுத்தவர் லேக்கர்!"

"அது ஒரு ஆட்டம். ஒரு ஆட்டத்தை வச்சு ஆளை எடை போடறதா?"

"இதை நீங்க சொல்றீங்களா? ஒரு ஷாட்டை வச்சு எடை போடறவரு?"

பெஞ்சின் இரண்டு கோடியிலிருந்தும் நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். குரல் உயர்ந்தது. வாசலில் நின்ற சிப்பந்தி வந்து, "பெரியவங்களே, இது கோர்ட்டு" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அப்போதுதான் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மகள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

காரில் பாதி வழி வந்ததும், "அப்பா, அன்னிக்கு அவர்கிட்ட நீங்க கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"எந்தக் கேள்வி?"

"போத்தமா ஸ்டோக்ஸான்னு. அது ஒண்ணுதான் கேட்டீங்க. வேற எதுவுமே கேக்கல."

கடைக்காரர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பதில்லயே தெரிஞ்சிருக்கணும். அவருக்கு எதுலயும் ஒரு பக்கம் கிடையாது. சாப்பாடு நல்லாருக்கான்னா இருக்கு. வேலைக்குப் போகட்டுமான்னா போ. வேண்டாமான்னா வேண்டாம். உங்களுக்கு அவங்க அப்பாவைப் பிடிச்சுப்போச்சு. அதனால எனக்குக் கல்யாணம் நடந்துச்சு."

"உனக்கும் பிடிச்சிருந்துதுன்னுதானே..."

"பிடிக்கலன்னு சொல்ல எனக்கும் காரணம் கிடைக்கல. அதைச் சொல்லிக்காட்டல. ஆனா இன்னிக்கு நான் உள்ள நிக்கும்போது வெளிய உங்க குரல் சந்தோஷமா கேட்டுச்சு. அதைத்தான் தாங்க முடியல."

அடுத்த தடவைகளில் அவர் வராந்தாவில் உட்காராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். சர்வேயரும் புரிந்துகொண்டு தூரத்திலிருந்தே தலையசைத்தார். தீர்ப்பு வந்த அன்று மட்டும் படிக்கட்டில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். சர்வேயர் வாயைத் திறந்தார். சம்பந்தி என்று கூப்பிட முடியாது. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "வரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

மகள் கண் பரிசோதனை படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு போலவே அப்பாவின் கடையில் பின்னறையில் உட்கார்ந்து கண் பார்க்கத் தொடங்கினாள். அப்பா முன்னால் ஃபிரேம் காட்டுவதும் கண்ணாடி இழைப்பதுமாக இருந்தார். கடையில் இருவருக்கும் பேச வேலை விஷயமே போதுமானதாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் முற்பகலில் சர்வேயர் கடைக்குள் வந்தார். படியைக் காலால் துழாவித்தான் ஏறினார். கடைக்காரர் எழுந்து நின்றார்.

"வேற கடைக்குத்தான் போனேன். அவங்க குடுத்த கண்ணாடி சரியா வரல. டிவில ஸ்கோர் தெரிய மாட்டேங்குது" என்றார் சர்வேயர்.

கடைக்காரர் பின்னறைப் பக்கம் பார்த்தார். மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். மாமா என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை. "உள்ள வந்து உட்காருங்க" என்றாள்.

திரை மூடியது. கடைக்காரர் அதே ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"தாடையை இங்க வைங்க. நேரா பாருங்க."

கொஞ்சம் கழித்து சர்வேயரின் குரல். "அவன்கிட்ட நான் சின்ன வயசுல இருந்து எண்ணு மட்டும்தான்மா கேட்டிருக்கேன். எத்தனை மார்க்கு, எத்தனையாவது ரேங்க்கு. உனக்கு என்ன வேணும்னு ஒருநாள்கூட கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லப் பழகியிருப்பானோ என்னவோ."

"தாடையை அசைக்காதீங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, கனிவும் இல்லை. "வலது கண்ணுல புரை முத்தியிருக்கு. கண்ணாடி மாத்திப் பிரயோஜனம் இல்ல. ஆபரேஷன் பண்ணிக்கணும். நல்ல டாக்டர் இருக்காங்க, நான் சொல்லி வைக்கிறேன்."

வெளியே வந்த சர்வேயர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கப் போனார். தட்டுத்தடுமாறினார். மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பா, ரோடு தாண்டிவிட்டுட்டு வாங்க" என்றாள். இரண்டடி உள்ளே போனவள் திரும்பி, "பேசணும்னா பேசுங்க. என் காதுல விழ வேண்டாம். அவ்வளவுதான்" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சர்வேயரின் மகன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். மகள் கடையைப் பெரிதாக்கி இன்னொரு பரிசோதனைக் கருவி வாங்கினாள். அவளுக்கு வேறு வரன் பார்க்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்க விடவில்லை.

இப்போது ஞாயிறு காலையில் இரண்டு கிழவர்களும் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள ஒரு டீக்கடையில் சந்தித்துக்கொள்கிறார்கள். கூப்பிட ஒரு உறவுப் பெயர் இல்லாதது முதலில் இடறியது. இப்போது ஒருவரை ஒருவர் "ஐயா" என்று அழைத்துக்கொள்கிறார்கள், கொஞ்சம் கேலியாக.

போன வாரம் பேச்சு இங்கிலாந்து கேப்டன்களைப் பற்றி வந்தது. அதில் தலைசிறந்தவர் யார் என்று கடைக்காரர் கேட்டார். எண்ணிக்கை பார்க்கிற ஆள், அதிக வெற்றி பெற்றவரைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தார்.

"பிரியர்லி" என்றார் சர்வேயர்.

கடைக்காரர் நம்பாமல் பார்த்தார். "டெஸ்ட்ல ஒரு சதம்கூட அடிக்காதவராச்சே ஐயா! உங்க அளவுகோல் என்ன ஆச்சு?"

"யார்கிட்ட எப்படிப் பேசணும்னு அந்த மனுஷனுக்குத் தெரியும்னு சொல்வாங்க. ஒருத்தனைத் தட்டிக்குடுக்கணும், ஒருத்தனைச் சீண்டிவிடணும். ஆளைப் பார்த்துப் பேசுவாராம்." சர்வேயர் டீயை ஒரு வாய் குடித்தார். "அதுக்கு எண் கிடையாது."

கடைக்காரருக்கு எதிர்த்துச் சொல்ல இரண்டு மூன்று பெயர்கள் நாக்கு நுனியில் நின்றன. அன்றைக்கு அவர் ஒன்றையும் சொல்லவில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு, "புது ஊர்ல உங்க பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.