குமரேசனின் சராசரி

தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குமரேசன், டாக்டரிடமும் பேரம் பேசுவார். ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சோற்றைத் தொடமாட்டார். கூழும் கீரையுமாகக் கிடந்துவிட்டு, புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் மாதிரி முகத்தோடு வேங்கிக்கால் கிளினிக்குக்குப் போவார். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பத்து என்று வரும். இந்த முறை டாக்டர் முந்திக்கொண்டார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையையும் எடுத்துவிட்டார். அதில் எட்டரை; ஏழுக்குள் இருக்கவேண்டியது.

"சராசரியை எவன் பார்த்தான் டாக்டர்? இந்த நிமிஷம் உடம்புல இன்னா இருக்குதோ அதான் நெஜம்" என்றார் குமரேசன்.

பக்கத்தில் மனைவி ரேணுகாம்பாள் உட்கார்ந்திருந்தார். பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவர். தப்பைப் பார்த்த இடத்திலேயே திட்டமாட்டார். அடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வார்.

டாக்டர் நடக்கச் சொன்னார். அடுத்த வாரமோ கீழ்பென்னாத்தூரில் குமரேசனின் தங்கை மகள் மணிமொழிக்குக் கல்யாணம். பந்தியில் ஜாங்கிரி உண்டு என்ற சேதி பத்திரிகைக்கு முன்பே அவருக்கு வந்துவிட்டது. வீட்டில் பேரம் தொடங்கியது. அவர் ஐந்து ஜாங்கிரியில் ஆரம்பித்தார். ரேணுகாம்பாள் ஒன்றுமில்லை என்பதில் நின்றார். கடைசியில், கிரிவலப் பாதையில் மலையைப் பதினாலு கிலோமீட்டரும் சுற்றி வரவேண்டும், சராசரி வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கவேண்டும், இருந்தால் இரண்டு ஜாங்கிரி, இல்லாவிட்டால் மோர்சோறு என்று முடிந்தது.

"நடுவுல கொஞ்சம் கம்மி ஜாஸ்தி ஆனா?"

"ஆகட்டுங்க. சராசரி நாலு இருந்தா போதும்."

இவ்வளவு சுலபமாகப் படிகிற ஆள் இல்லை ரேணுகாம்பாள். குமரேசன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மனைவி போனில் ஏதோ ஒரு செயலியைப் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்தபோதாவது விழித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ராஜகோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு கிளம்பினார். சுற்றி முடித்து வீட்டுக்குள் நுழையும்போதே குரல் முன்னால் வந்தது.

"மூணரை மணி நேரம்! பதினாலை மூணரையால வகுத்துப் பாரு. நாலு! ஒரு பிசுறு கம்மி இல்ல."

"சராசரி சரியாத்தான் இருக்குது. உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்து, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார் ரேணுகாம்பாள். "உங்க பையில இருந்த போன் போட்ட கோடு இது. குறுக்க நேரம். மேல ஏறுறது நீங்க போன தூரம். அடி அண்ணாமலை வரைக்கும் கோடு ஒழுங்கா ஏறுது. அங்க வந்து முக்கா மணி நேரம் படுத்துகிச்சு."

"கோயில்ல கூட்டம்."

"நீங்க இருந்தது எதிர்ல பஜ்ஜிக் கடையில."

"கூட்டம் அதுவரைக்கும் நின்னுச்சு ரேணு."

"சரி. எழுந்ததும் கோடு வளைஞ்சு ஏறுது பாருங்க. முதல் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சூத்திரம் பொருந்துது. நிமிஷத்தை அதாலயே பெருக்கி, எழுபத்தஞ்சால பெருக்குனா, நீங்க போன மீட்டர். நாலு நிமிஷத்துல ஆயிரத்து இருநூறு மீட்டர். சராசரி எவ்ளோ?"

வியாபாரிக்கு மனக்கணக்கு பிசகாது. "நிமிஷத்துக்கு முன்னூறு" என்று பெருமையாகச் சொன்னவர், அது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்பதை ஒரு மூச்சு தாமதமாகக் கண்டுகொண்டார். "அங்க எறக்கம்..."

"இருங்க. அது சராசரி. நாலாவது நிமிஷம் முடியற அந்தக் கணத்துல எவ்ளோன்னு பார்ப்போம்."

ரேணுகாம்பாள் அந்தக் கணத்துக்கு அடுத்த பத்தில் ஒரு நிமிடத்தை எடுத்து, அதில் போன தூரத்தை வகுத்தார். நிமிடத்துக்கு அறுநூற்று ஏழரை மீட்டர். நூறில் ஒரு நிமிடத்தை எடுத்தார். அறுநூறும் முக்காலும். இடைவெளி சுருங்கச் சுருங்க, விடை அறுநூறை ஒட்டி வந்து நின்றது.

"மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர். வெறுங்காலோட."

"முன்னாடி ஒரு சாமியார் வேகமா போனாரு. அவரு பின்னாலயே போனேன்."

"சாமியாருக்கு மூணு சக்கரமா?"

குமரேசன் தண்ணீரைக் குடித்து முடித்தார். "நம்ம ராமதாஸ் ஆட்டோதான். குபேர லிங்கம் வரைக்கும். கூப்ட்டான், மரியாதைக்கு ஏறுனேன்." உடனே நிமிர்ந்தார். "ஆனா நாம பேசுனது இன்னா? சராசரி! பேச்சுன்னா பேச்சு."

"கிளினிக்ல சராசரியை எவன் பார்த்தான்னீங்க?"

"அது ரத்தம், இது ரோடு."

"திசையையும் சேர்த்தா இன்னொரு கணக்கு இருக்குதுங்க. கெளம்புன கோபுரத்துக்கே திரும்பி வந்துட்டீங்க. இடம் மாறவே இல்ல. சராசரித் திசைவேகம் சைபர். அதையே வெச்சுக்கலாமா?"

"பதினாலு கிலோமீட்டருக்கு சைபரா? வேணாம்மா தாயே, நாலே இருக்கட்டும்!"

"இருக்கட்டும். ரெண்டு ஜாங்கிரி உங்களுது."

கல்யாணத்தன்று குமரேசன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். இலையில் இரண்டு ஜாங்கிரி, பாகு வழிய, வந்து விழுந்தது. பக்கத்து இலையில் இருந்த ரேணுகாம்பாள் கைப்பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். குமரேசன் கடை டப்பாதான். இரண்டையும் அதில் வைத்து மூடினார்.

"இன்னா பண்றே?"

"டாக்டர் மூணு மாச சராசரிதானே பார்க்கிறாரு? மூணு மாசத்துக்கு ரெண்டு. ஃப்ரிட்ஜ்ல வெச்சு தினம் ஒரு துளி தர்றேன்."

"பேசும்போது இதைச் சொல்லலையே!"

"ஆட்டோவை நீங்க சொன்னீங்களா?"

கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து குமரேசனை இப்படி யாரும் மடக்கியதில்லை. "இன்னிக்குத் துளியாவது குடு" என்றார். டப்பா திறக்கவில்லை.

சாம்பாரோடு ஆள் வந்தான். ரேணுகாம்பாள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், ஜாங்கிரி இருந்த இடத்தில் தேங்கியிருந்த பாகைக் குமரேசன் ஒரே விரலில் வழித்து வாயில் வைத்தார். அந்தக் கணத்துச் சர்க்கரையை யாரும் அளக்கவில்லை.