ஆளுநர் பரிசீலிக்கிறார்

மக்களாட்சியின் மாண்பு 1987-இல் கள்ளக்குறிச்சியில் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் நிலைநாட்டப்பட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப்போட்டு நடந்த மறியலால் பஸ் ஓடவில்லை. வகுப்புக்கு வந்தவர்கள் பதினொரு பேர்.

மாதிரிச் சட்டமன்றம் நடத்திய வரலாற்று வாத்தியார் தெய்வசிகாமணி, தாமே ஆளுநராகி நாலு பக்க உரை படித்தார். யாரும் கை தட்டவில்லை. முதலமைச்சராக இருந்த மாணவி தெரசா, கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு முன் பெஞ்சில் இடம் ஒதுக்கும் மசோதாவைப் பேசியே நிறைவேற்றினாள். வகுப்பே தட்டியது. அந்தப் பக்கம் வந்த தலைமை ஆசிரியர், “சாரை விட ஜோரா பேசுது பொண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெய்வசிகாமணிக்கு வயிறு எரிந்தது. “ஒப்புதல் கிடையாது. ஆளுநர் பரிசீலிக்கிறார்.”

“எத்தினி நாளு சார்?”

“அது ஆளுநர் இஷ்டம்.”

தெரசா வெளியே போய்ப் புளியங்கிளை ஒன்றை இழுத்துவந்து, வகுப்பின் ஒரே வாசலில் போட்டாள். அவை முழுதும் அதன்மேல் உட்கார்ந்தது.

“இன்னாம்மா இது?”

“மறியல் சார். கையெழுத்து போட்டுட்டுப் போங்க.”

“ஆளுநரையே மறிப்பியா?”

“ரோட்டுல போலீஸ் ஜீப்பையே மறிச்சிக்கினு இருக்காங்க சார்.”

முக்கால் மணி நேரம் கழித்து மசோதா சட்டமானது. ஆளுநருக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்திருந்தது.