மூன்றாவது பல்

ஒரு பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை. பக்கத்துப் பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. இன்று மூன்றாவது. டீச்சர் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து சாய்ந்திருந்தாள். வலது கன்னத்தில் கரண்ட் அடித்ததுபோல் சுரீர் சுரீரென்றது. பல் துலக்கினாலும் இதே பாடு, மின்விசிறிக் காற்று பட்டாலும் இதே பாடு.

இது பல்வலியே இல்லை. போன வாரம் நரம்பு டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். "உங்க வியாதியில வர்ற நரம்பு வலிம்மா இது. மாத்திரை தர்றேன். நல்ல பல்லப் புடுங்கிக்காதீங்க. பல் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க."

சொல்ல விட்டால்தானே! புருஷன் என்று ஒரு மகராசன் இருக்கிறாரே, அவள் ஏன் சக்கர நாற்காலியில் என்று யார் கேட்டாலும், மூன்று வருஷமாக அவருக்கு ஒரே பல்லவி: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா." மகளுக்கு வரன் பார்க்கிற நேரமாம். தாய்க்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கை காலை முடக்கும் நரம்பு வியாதி என்று தெரிந்தால் வருகிறவன் ஓடிவிடுவானாம். பல் டாக்டர் வேறு அதே தெருக்காரர். மகளுக்காக டீச்சரும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். "இந்தப் பல்லும் நல்லாத்தான் தெரியுது. இவங்களுக்கு வேற ஏதாச்சும் வியாதி இருக்கா?"

"ஒண்ணுமில்ல டாக்டர், கால்ல அடிபட்டதோட சரி," என்று புருஷன் முந்திக்கொண்டார். "நீங்க புடுங்குங்க."

டாக்டர் ஊசியை எடுத்தார். டீச்சர் பக்கத்திலிருந்த கருவித் தட்டை ஓங்கித் தள்ளிவிட்டாள். தட்டும் இடுக்கியும் தடதடவென்று தரையில் விழுந்தன.

"எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூணு வருஷமா!"

திறந்திருந்த கதவுக்கு வெளியே, காத்திருந்தவர்கள் பேச்சு சட்டென்று நின்றது.

"அட, என்னய்யா மனுஷன் நீ!" டாக்டர் புருஷனிடம் கத்தினார். "முதல்லயே சொல்லியிருந்தா அந்த ரெண்டு பல்லையும் தொட்டிருக்க மாட்டேனே!"

புருஷன் அவளை அள்ளிச் சக்கர நாற்காலியில் போட்டார். அதை மூட்டை தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"தெருவே கேட்டுச்சு. என் மானமே போச்சுடி."

அவளுக்குக் கன்னம் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. ஆனாலும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"எனக்கு ரெண்டு பல்லு போச்சு. உங்க மானம் மட்டும் முழுசா இருக்கணுமா?"