கிளீட்டசுக்குக் கொடுத்த யூதாஸ் வேஷம்

வண்டூரைத் தாண்டி, குமரிக் கடற்கரையிலிருந்து கப்பலேறித் தீவுக்கு வந்து குடியேறிய கத்தோலிக்க மீனவர்களின் ஊர் அது. பெரிய வெள்ளிக்கிழமை மாலை கோவில் முற்றத்தில் யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் போடுவார்கள். யேசுவாக நடிக்க அடிபிடி. பேதுருவாக நடிக்கவும் அடிபிடிதான். யூதாஸ் வேஷத்துக்கு மட்டும் எவனும் தன் பிள்ளையை விடமாட்டான். ஒரு தடவை யூதாசாக நின்றுவிட்டால் போதும், அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பால்குடி மறக்காத பிள்ளைகூட அவனை யூதாஸ் என்றுதான் கூப்பிடும். அதனால் வருஷா வருஷம், ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து தீவில் தங்கிவிட்ட ராஞ்சிக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வருவார்கள். அவருக்குத் தமிழ் வராது. யேசு தமிழில் கேட்பார், யூதாஸ் இந்தியில் பதில் சொல்வான். தீவில் அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் ராஞ்சிக்காரரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரே கூடி யூதாசைத் தேர்ந்தெடுத்தது. பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த கிளீட்டஸ்.

அவன் செய்த குற்றம் என்ன? சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். வலைக்கூடத்தில் அவனும் டெர்வினும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். டெர்வினின் தலை கிளீட்டசின் தோளில் சாய்ந்திருந்தது. "ஒன்ன விட்டா எனக்கு வேற யாரும் வேண்டாம்டே" என்று டெர்வின் சொல்லிக்கொண்டிருந்தபோது கோவில் உபதேசியார் உள்ளே வந்துவிட்டார். அவ்வளவுதான். இதற்காக ஊரே தலைகீழாக நின்றது. கள்ளச்சாராயம் காய்ச்சியவனும் பெண்டாட்டியின் பல்லை உடைத்தவனும் ஊர்க் கமிட்டியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இந்தப் பையன்களால் ஊர் கெட்டுப்போய்விட்டதாகக் கவலைப்பட்டார்கள்.

கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ். படகுகள் அவருடையவை. டெர்வின் அவருடைய ஒரே மகன். பிறகு கேட்க வேண்டுமா?

"லேய், உள்ளதச் சொல்லு. யாரு யாரக் கூப்பிட்டது?" என்று மகனிடம் கேட்டார்.

டெர்வின் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அவந்தான் என்னப் பிடிச்சு இழுத்தான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

கிளீட்டசுக்குக் காது அடைத்துவிட்டது. நண்பன் பயத்தில் உளறுகிறான், இப்போது நிமிர்ந்து பார்ப்பான், இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தான். டெர்வின் நிமிரவே இல்லை.

"பஸ், போதும், இதுக்கு மேல பேச்சில்ல" என்றார் பெர்க்மான்ஸ். கிளீட்டசின் அப்பா ஜேசுதாசன் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், பெர்க்மான்சின் படகுகளை நம்பிப் பிழைப்பவர். அவரைப் பார்த்துத் தலைவர் சொன்னார்: "ஒனக்க மவன் பாஸ்குல யூதாசா நிக்கட்டும். ஊரு முன்னால தலகுனிஞ்சு நின்னாம்னா நாங்க எல்லாத்தையும் மறந்திருவோம். இல்லன்னா அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுக்கு அனுப்பிரு. நம்ம ஊரு மானம், இஜ்ஜத் முக்கியம்."

பல்வலி முதல் பைத்தியம் வரை, தீர்க்க முடியாத எல்லாவற்றையும் கப்பலேற்றி மெயின்லேண்டுக்கு அனுப்புவதுதான் தீவுக்காரர்களின் வழக்கம். கிளீட்டசை அனுப்புவதென்றால் குமரியில் முட்டத்திலிருந்த சித்தப்பாவிடம்தான். அவர் பெல்ட்டால் புத்தி சொல்கிறவர். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார் என்பதும் நிச்சயம். கிளீட்டசுக்கோ இந்தத் தீவை விட்டால் வேறு உலகம் தெரியாது. இங்கே பிறந்தவன், இங்கேயே படித்து, துறைமுகத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்று இருந்தவன். சரி என்று தலையாட்டினான். ஒரு மாலை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் தீர்ந்தது என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

யேசு யாரென்று நினைக்கிறீர்கள்? டெர்வின்தான். தன் மகன் எவ்வளவு சுத்தம் என்று ஊர் கண்ணால் பார்க்க வேண்டுமென்று பெர்க்மான்சுக்கு ஆசை. எந்த இரண்டு பேரைப் பிரிக்க வேண்டுமென்று கூட்டம் போட்டார்களோ, அதே இரண்டு பேரை மேடையில் எதிரெதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். புத்திசாலிகள்.

ஒத்திகையில்தான் அவர்களுக்கு உறைத்தது. யூதாஸ் யேசுவை முத்தமிட வேண்டுமே! கமிட்டி அவசரமாகக் கூடியது. முத்தத்தை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். வேதத்தில் உள்ளதை எப்படி எடுப்பது என்றார் இன்னொருவர். கன்னம் வேண்டாம், அங்கியின் ஓரம் போதும் என்றும், அதுவும் ஆகாது, ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்றும் மாறிமாறிப் பேசினார்கள். கடைசியில் கையில் முத்தமிட்டால் போதும் என்று முடிவானது. சுவிசேஷத்தையே திருத்திவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் அம்மா ரீத்தா மஞ்சள் துணியில் யூதாசின் அங்கியைத் தைத்தாள். ஊசியைக் குத்துகிற ஒவ்வொரு குத்தும் பெர்க்மான்சைக் குத்துகிற மாதிரி இருந்தது.

"நீ அப்பிடிச் செஞ்சியா மக்கா? அவனப் பிடிச்சு இழுத்தியா?"

"இல்லம்மா. எனக்கு அவனப் பிடிக்கும். அவனுக்கும் என்னப் பிடிக்கும்."

ரீத்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, "அது எனக்குப் புரியேல மக்கா. ஆனா பொய்யி எதுன்னு புரியுது" என்றாள்.

பெரிய வெள்ளி மாலை முற்றம் நிறைந்துவிட்டது. ராஞ்சிக்காரர்கள், வங்காளிகள், தெலுங்கர்கள் என்று பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் வந்திருந்தது. கிளீட்டஸ் மஞ்சள் அங்கியில் ஏறியதும் முன்வரிசைப் பிள்ளைகள் ஊளையிட்டன. எவனோ ஒரு பெரியவனே தேங்காய்ச் சில்லை எடுத்து எறிந்தான். நெற்றியில் பட்டது. கிளீட்டஸ் துடைத்துக்கொண்டு நடந்தான்.

வெள்ளை அங்கியில் டெர்வின் அழகாக நின்றிருந்தான். ஒப்புக்கொண்டபடி கையை நீட்டினான். கிளீட்டஸ் குனிந்தான். அந்த விரல்களை அவனுக்குத் தெரியும். ஒரு கணம் டெர்வினைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. அப்போது டெர்வின் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்:

"சீக்கிரம் முடிச்சிட்டு எறங்குலே. அப்பா பாக்கியாரு."

கிளீட்டசுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. தனக்கு வந்த அவமானம், அப்பாவின் குனிந்த கழுத்து, அம்மாவின் ஊசி, எல்லாவற்றையும் இவன் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறான். முத்தமிட்டால் தீவு, மாட்டேன் என்றால் கப்பல். அது நன்றாகத் தெரிந்துதான் கிளீட்டஸ் நிமிர்ந்தான். தொங்கிக்கொண்டிருந்த மைக் பக்கம் திரும்பினான்.

"நான் யாரையும் காட்டிக் குடுக்கேல. இவந்தான் என்னக் காட்டிக் குடுத்தான். வலைக்கூடத்துல நாங்க ரெண்டு பேருந்தான் கைகோத்து இருந்தோம். எனக்கு இவனப் பிடிக்கும், இவனுக்கும் என்னப் பிடிக்கும். அதுல பாவம் ஒண்ணும் இல்ல. பொய் சொன்னதுதான் பாவம். யூதாஸ் வேஷத்த அவனுக்குக் குடுங்க!"

"மைக்க நிப்பாட்டுலே! படுதாவ எறக்கு!" என்று பெர்க்மான்ஸ் கத்தினார். அட்டைத் தலைக்கவசமும் மூங்கில் ஈட்டியுமாக நின்றிருந்த சேவகர்கள் ஓடிவந்தார்கள். யேசுவை அப்படியே விட்டுவிட்டு யூதாசைக் கைது செய்து இழுத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு பாஸ்கு உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. ரீத்தா மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "எனக்க பிள்ளையத் தொட்டா கைய முறிச்சிருவேன்" என்று ஒரு சேவகனின் ஈட்டியைப் பிடுங்கினாள்.

மேடையில் தனியாக நின்ற டெர்வின் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அடுத்த கப்பலில் கிளீட்டஸ் போனான். அவன் அழவில்லை. அந்த வருஷம் யேசு அழுத மாதிரி வேறு எந்த வருஷமும் எந்த யேசுவும் அழுததில்லை என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஏன் அழுதான் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.