பஞ்சில் ஒட்டிய வெளிச்சம்

1

காலை பத்தே முக்காலுக்கு அக்கா பஞ்சை எடுத்தாள். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. என் கற்பனை குறைவு. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. அன்று மேசைமேல் கிடந்தது ஒரு கலங்கரை விளக்கம்.

2

(முதலில் எழுதியது: “கடல் சீறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அந்த” அடித்துவிட்டேன். ஓவியத்தில் கடல் சும்மா கிடக்கிறது.)

அந்தக் கோபுரத்தைப் பலர் வரைந்திருக்கிறார்கள். மாலுமிகளின் வரைபடத்தில் அது நகக்கண் அளவுக் கோடு. பிறகு தைலவண்ணம், நாள்காட்டி, தீப்பெட்டி. எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது. எரியாத விளக்கை யார் வாங்குவார்?

அக்காவிடம் வந்தது, முன்பொரு கப்பல் அங்கே பாறையில் மோதிய அதே மாலையில் கரையில் உட்கார்ந்து வரைந்தது. பின்புறம் ஓவியர் தேதி போட்டிருக்கிறார். அன்று விளக்கை ஏற்றவில்லை என்று கோபுரக் காவலரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கோபுரத்துக் கல்வெட்டில் மற்ற காவலர்களின் பெயர்கள் இருக்கின்றன, அவர் பெயர் இல்லை. ஓவியத்திலோ, புகை படிந்த மஞ்சள் வெளிச்சம். அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, தாத்தா பெயரைக் கல்லில் சேர்க்கச் சொல்லி, காவலரின் வயதான பேரன் துறைமுக அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். சுத்தம் செய்து கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார்கள்.

3

ஓவியத்தின் மரச்சட்டம் மறைக்கும் ஓரத்தில்தான் முதலில் மருந்துப் பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொழில் விதி. அக்கா நேரே விளக்கைத் தொட்டாள். (இந்த இடத்தில் அவளை ஒரு பாத்திரமாக நான் நம்பவில்லை. கேட்டேன்.)

“போன்ல விளக்கு விளக்குன்னு உயிரை எடுத்தாருடா அந்தப் பெரியவர். சரி, முதல்ல அதைப் பளிச்சுன்னு ஆக்கி வெப்போம்னு...”

ஒரே தடவலில் மஞ்சள் பஞ்சோடு வந்துவிட்டது. பழைய வண்ணம் அப்படி வராது. யாரோ பிற்பாடு பூசியது. அடியில் சாம்பல் நிறம். விளக்கு பாதி அணைந்திருந்தது.

4

முடிவு ஒன்று: அக்கா உண்மையைச் சொல்கிறாள். முடிவு இரண்டு: மஞ்சளைத் திரும்பப் பூசிவிடுகிறாள், அவள் கைக்கு அது பெரிய வேலையில்லை. மூன்றாவதில் பேரன் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்.

அக்கா படித்துப் பார்த்தாள்.

“அவர் எங்கடா அழுதாரு? யாரையாவது அழவெச்சாதான் உனக்குப் பேனா ஓடுமா?”

“கதைக்கு ஒரு இது வேணாமாக்கா?”

“நீயும் மேல பூசாத.”

5

அழுகையை எடுத்துவிட்டேன். அடியில் இருந்தது இவ்வளவுதான்.

பேரன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். எழுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. ஓவியத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அக்காவின் கையிலிருந்த பஞ்சுதான் முதலில் கண்ணில் பட்டது.

(அக்கா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவள் இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.)

“பஞ்சுல மஞ்சளா ஒட்டியிருக்கே... அழுக்குதானேம்மா?”